மாதிரிக்கு எழுதிய ஒரு சொல்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது கேரளத் தலைநகரில், வலியசாலையில் எங்கள் தமிழ்த் தெருவுக்கே தெரியும். கழக்கூட்டத்தில் எங்கள் ஆபீசுக்கும் தெரியும். அந்தக் கோபத்தில் பெரும்பகுதியை நான் செலவழித்தது அடுத்தவர் எழுதிய கணினி நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கும்போதுதான். "இதை இப்படி எழுத எப்படித்தான் மனசு வந்தது?" என்று சத்தமாகக் கேட்பேன். பக்கத்து மேசைக்காரர்கள் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட என் தலையிலேயே ஒரு ஓட்டை வந்து விடிந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

எங்கள் கம்பெனி சின்னது. என்ன செய்கிறோம் என்றால், ஆஸ்பத்திரியிலோ கல்லூரியிலோ பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து வைஃபைக்குள் நுழைகிறீர்கள் அல்லவா, கூரையில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்கு உங்களை அடையாளம் தெரியாது. அது உள்ளே ஏதோ ஓர் அறையில் இருக்கும் சர்வரைக் கேட்கும், இந்த ஆளை விடலாமா என்று. விடு என்றோ விடாதே என்றோ சர்வர் பதில் சொல்லும். அந்தப் பதிலைச் சொல்லும் மென்பொருள் எங்களுடையது. பெட்டியும் சர்வரும் ஒன்றையொன்று நம்புவதற்கு, இரண்டுக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல் வைத்திருப்பார்கள். அது மூன்றாம் ஆளுக்குத் தெரிந்துவிட்டால் போச்சு. நடுவில் உட்கார்ந்துகொண்டு, சர்வர் சொன்ன விடாதேயை விடு என்று மாற்றிப் பெட்டியிடம் கொடுத்துவிடலாம். இதை வீட்டில் விளக்கியபோது என் கணவர், "அப்ப ஒனக்கு வாட்ச்மேன் உத்தியோகம், அல்லே?" என்றார். வாட்ச்மேனுக்கு டிரெயினிங் கொடுக்கிற உத்தியோகம் என்று திருத்தினேன்.

ஒரு மழைக்காலத் திங்கட்கிழமை எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பாதுகாப்பு ஆராய்ச்சி செய்கிற ஒருத்தி எழுதியிருந்தாள். பெட்டி அனுப்பும் கேள்வியில் ஒரு முத்திரை இருக்க வேண்டும், அது இல்லாமல் வரும் கேள்விக்கும் உங்கள் சர்வர் பதில் சொல்லிவிடுகிறது, இதை வைத்து இன்னின்னது செய்யலாம் என்று செய்தே காட்டியிருந்தாள். பார்த்தால் உண்மை. பழைய பெட்டிகளுக்கு முத்திரை போடத் தெரியாது, பாவம் போகட்டும் என்று எங்கள் ஆட்களில் ஒருவர் எப்போதோ கதவைத் திறந்து வைத்திருக்கிறார். அவர் யார் என்று கண்டுபிடித்து வழக்கம்போல் பாட்டு விட்டேன். ஒரே வாரத்தில் அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் தயார். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை, மேம்பால நெரிசலில்கூட ஸ்கூட்டரில் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அந்த மின்னஞ்சலுக்கு இரண்டாவது பத்தி ஒன்று இருந்தது. நான் அதைச் சரியாகப் படிக்கவில்லை. எங்கள் மேலாளர்தான் படித்தார். மெல்லப் பேசுகிற மலையாளி, என்னைவிட வயதில் சின்னவர், என்னை சேச்சி, அக்கா, என்றுதான் கூப்பிடுவார். "சேச்சி, இது கண்டோ?" என்று திரையை என் பக்கம் திருப்பினார். மூன்றே வரி. உங்கள் கையேட்டில் ரகசியச் சொல்லுக்கு உதாரணமாக ஒன்று அச்சாகியிருக்கிறது. அனுமதி வாங்கி எங்கள் கல்லூரியில் சோதித்தேன், அதே சொல்தான் இங்கே உண்மையாகவே பயன்பாட்டில் இருக்கிறது. மற்ற இடங்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அந்தச் சொல், ஆங்கில எழுத்தில், போளிபாயசம். கடைசியில் ஓர் ஒன்று.

எழுதியது நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், கையேடு எழுத வேறு ஆள் இல்லாமல் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அன்றைக்கு ஸ்ரீவராகத்தில் ஒரு கல்யாணம், எனக்கு லீவு கிடைக்கவில்லை. எங்கள் ஊர்ச் சத்யை விருந்தில் இலையில் போளியைப் போட்டு, அதன் தலையில் பால்பாயசத்தை ஊற்றி, பிசைந்து சாப்பிடுவோம். திருநெல்வேலி உறவுக்காரர்கள் இதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள், பிறகு இரண்டாம் தடவை கேட்டு வாங்குவார்கள். அங்கே பந்தி நடந்துகொண்டிருக்கிறது, இங்கே நான் பசியோடு பக்கம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். ரகசியச் சொல் என்ற இடம் வந்ததும் கை தானாக அதைத் தட்டிவிட்டது. எண் ஒன்றாவது வேண்டும் என்பது எங்களுடைய விதி, அதனால் அந்த ஒன்று. இவ்வளவு அசட்டுத்தனமான சொல்லை ஒருவரும் உண்மையில் வைக்கமாட்டார்கள் என்று நம்பினேன். கையேடு எங்கள் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்பது அப்போது மனதில் படவில்லை.

வாடிக்கையாளர்கள் என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அதனால் ஒரு சின்ன நிரல் எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். அவர்கள் சர்வரில் ஓட்டினால், அந்தச் சொல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். மத்தியானத்துக்குள் பதில்கள் வர ஆரம்பித்தன. ஒரு பொறியியல் கல்லூரி, இருக்கிறது. கோவளம் பக்கம் ஒரு ஹோட்டல், இருக்கிறது. எங்கள் ஆபீசிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டல், இருக்கிறது. முதல் மூன்றுக்கு ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது, நானும்தான். நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து இருக்கிறது என்று வந்ததும் என் சிரிப்பு நின்றது.

உடனே போனை எடுத்தேன். அந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர் நாகர்கோவில்காரர். தமிழர் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் சௌகரியமாகப் போயிற்று, திட்டுவதற்கு.

"அது மாதிரிக்குப் போட்டது சார். அதையே போய் யாராவது வைப்பாங்களா? ஆஸ்பத்திரி இல்லையா அது?"

"மேடம், புக்குல போட்டிருக்குல்லா," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "கீழ உள்ளபடி அடிக்கணும்னு. கீழ உள்ளபடி அடிச்சேன். ஒரு எழுத்து மாத்தல்ல, பாத்துக்கிடுங்க."

"மாதிரின்னு தெரிய வேண்டாமா?"

"அப்பிடி ஒண்ணும் அதுல எழுதல்லியே."

நான் நம்பவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே கையேட்டைத் திறந்தேன். ஆங்கிலத்தில் நான் எழுதியிருந்த வரிக்குப் பொருள், கீழே உள்ளபடி தட்டச்சு செய்க என்பதுதான். உதாரணம் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. உங்களுக்கென்று ஒரு சொல்லை யோசித்து வையுங்கள் என்றும் எங்கும் இல்லை. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இத்தனைக்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட வேண்டும், ஓட்டை என்ன, எப்படி வந்தது, என்ன செய்வது என்று. மேலாளர் அதன் வரைவை எழுதி என்னிடம் கொடுத்தார். அதில் ஒரு வரி, சில வாடிக்கையாளர்கள் கவனக்குறைவாகக் கையேட்டில் இருந்த மாதிரிச் சொல்லையே பயன்படுத்தியுள்ளனர் என்று சொன்னது. படித்தேன். ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்திவிட்டு, நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அதை ஒப்புக்கொள்ள இப்போதும் கூசுகிறது.

மறுநாள் காலை அந்த நாகர்கோவில்காரரே கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு விஷயம் போயிருக்கிறது. நெட்வொர்க்கைத் திறந்து போட்டது யார் என்று கேட்டிருக்கிறார். இவருக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை, இந்த மாதத்தோடு முடிகிறது. கம்பெனியின் அறிவிப்பு வரட்டும், அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று நிர்வாகி சொல்லிவிட்டாராம்.

"மக பத்தாங்கிளாஸ் படிக்கா மேடம். மலையாளத்துலதான் படிச்சது எல்லாம். வேலை போச்சுன்னா ஊருக்குத்தான் போணும். நடு வருஷத்துல அவளை எந்த ஸ்கூல்ல கொண்டு சேப்பேன்? நான் தப்பு செஞ்சிருந்தா சொல்லிருங்க, கேட்டுக்கிடுதேன். என்ன எழுதப் போறிங்கன்னு மட்டும் தெரிஞ்சா கொள்ளாம், நல்லா இருக்கும்."

என்ன எழுதப் போகிறோம் என்று எனக்குத் தெரியும். காற்புள்ளி உட்படத் தெரியும். நேரில் வருகிறேன் என்றேன்.

அவர் இருந்த அறை ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே எடுக்கக் காத்திருப்பவர்களின் வரிசையைத் தாண்டிப் போக வேண்டும். ஐம்பதை நெருங்கும் மனிதர், இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பென்சில். மேசையில் என் கையேடு இருந்தது. அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை மாட்டி, உறைக்கு உள்ளே முதல் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும். நவராத்திரிக்குப் புத்தகம் அடுக்கும்போது மகளுடைய பாடப் புத்தகத்தோடு இதையும் சேர்த்துப் பூஜைக்கு வைப்பாராம். தொழில் செய்கிற புத்தகமாக்கும் மேடம் என்றார், அதில் விளக்க என்ன இருக்கிறது என்பதுபோல.

புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு படிக்கும் நேரே பென்சிலில் ஒரு சரிக்குறி, தேதி. எனக்கே மறந்துபோன அடிக்குறிப்புகளுக்குக்கூடச் சரிக்குறி. அந்தப் பக்கம் வந்தது. போளிபாயசத்துக்குக் கீழே இரண்டு கோடு, ஓரத்தில் சின்ன எழுத்தில், ஸ்பெல்லிங் இரண்டு தடவை சரிபார்த்தது. இவ்வளவு வருஷத்தில் நான் எழுதிய எதையும் ஒருவர் இவ்வளவு மரியாதையாகப் படித்ததில்லை. அதற்குக் கூலியாக அவரைக் கவனக்குறைவானவர் என்று உலகத்துக்குச் சொல்லப் போகிறோம். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அவர் டீ வரவழைக்கிறேன் என்றார். வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன், அங்கே உட்கார முடியவில்லை.

ஆபீசுக்குப் போய் மேலாளர் முன்னால் நின்றேன். அந்த வரியை மாற்ற வேண்டும் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஆலோசிச்சிட்டு போரே சேச்சி?" என்றார். யோசித்துவிட்டுச் செய்யலாமே என்று எதற்கும் சொல்வார், அது அவர் சுபாவம். கவனக்குறைவாக என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடலாம், யார் மேலும் பழி வராது என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. யார் தப்பு என்று நாம் எழுதாவிட்டால், படிக்கிற நிர்வாகி தன் கைக்கு எட்டுகிற ஆளைப் பிடித்துக்கொள்வார் என்றேன். எல்லா வாடிக்கையாளரும் நம்மேல் பாய்வார்கள் என்றார். பாயட்டும் என்றேன். கையேடு எழுதியது யார் என்று கேட்பார்கள் என்றார்.

"கேட்டா என் பேரைச் சொல்லுங்க. இல்லைன்னா நானே அடியில கையெழுத்துப் போட்டுத் தரேன்!"

ஆபீசே திரும்பிப் பார்த்தது. யாரும் ஹெட்போனை மாட்டவில்லை. என்மேல் நானே கத்துவதை அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

மேலாளர் விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். எழுதினேன். எங்கள் கையேடு இந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யும்படி சொன்னது, அது உதாரணம் என்று சொல்லவில்லை, கையேட்டை நம்பி அதன்படி செய்தவர்கள்மேல் எந்தத் தவறும் இல்லை, தவறு எங்களுடையது. கீழே என் பெயர், பதவி. அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு அப்படியே அனுப்பிவிட்டார். அடுத்த இரண்டு நாள் வந்த தொலைபேசிகளையும் அவரே எடுத்துப் பேசினார், ஒன்றையும் எனக்குத் தள்ளவில்லை. மெல்லப் பேசுகிறவர்களைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயத்தை அந்த வாரம் மாற்றிக்கொண்டேன்.

ஓட்டையை அடைக்கிற வேலை தனியாக இருந்தது. புதிய பதிப்பு அந்தச் சொல்லைக் கண்டாலே ஏற்காது. ஆனால் அதை அப்படியே போட்டுவிட்டால், பழைய சொல்லோடு இருக்கிற பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போகும். ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வார்டு நர்சுகள் கையில் டேப்லெட், மருந்துச் சீட்டெல்லாம் அதில்தான். அதனால் முதலில் மாடி மாடியாகப் பெட்டிகளிலும் சர்வரிலும் புதுச் சொல் வைத்து, கடைசியில் பழைய சொல்லை ஏற்காதபடி சர்வரைப் பூட்ட வேண்டும். இதையெல்லாம் படிப்படியாகச் சொல்லிக் கையேட்டுக்குப் புதுப் பக்கங்கள் எழுதினேன். சூடு பட்டவள் எப்படி எழுதுவாளோ அப்படி எழுதினேன். ஒவ்வொரு மாடிக்கும் வேறு சொல் வையுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். எங்கள் கம்பெனி ஆட்கள் கேட்டாலும் சொல்லாதீர்கள். தட்டச்சு செய்யும்போது அறையில் வேறு யாரும் திரையைப் பார்க்கக் கூடாது.

அறிவிப்பு போன நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் வேலை வைத்துக்கொண்டோம். காலை பத்து மணி, வெளிநோயாளிகள் கூட்டம் நெரிகிறது. உதவிக்கு என்று நான் போனேன். வேலை விஷயம் என்னாயிற்று என்று கேட்டதற்கு, "ஒண்ணும் தெரியல்ல மேடம். இன்னிக்கு நெட் நிக்காம இதை முடிச்சாத்தான் பேச்சே," என்றார். புதுப் பக்கங்களை அச்செடுத்து வைத்திருந்தார். பென்சிலைச் சீவிக்கொண்டார். முதல் படி, சரிக்குறி. இரண்டாம் படி, சரிக்குறி. நாலாம் படிக்கு வந்ததும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க."

"நானா?"

அவர் பென்சில் முனையால் வரியைக் காட்டினார். மறுபேச்சு பேச வழியில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சுவரில் ஒரு தீயணைப்பு சிலிண்டரும் நகைக்கடை காலண்டரும் இருந்தன. பின்னால் அவர் ஒற்றை விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. நீளமான சொல்தான் வைக்கிறார் என்று தெரிந்தது, அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

முதல் மாடி முடிந்தது. வார்டுக்குப் போன் செய்து டேப்லெட் வேலை செய்கிறதா என்று கேட்டார், செய்கிறது என்றார்கள். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. ஒவ்வொரு தடவையும் திரும்பு, நில், திரும்பு. நாலாவது மாடிக்காக நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தபோது கதவு திறந்தது. தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினேன். நிர்வாகி. கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று கேள்விப்பட்டிருந்தேன், நடையிலேயே தெரிந்தது. கையில் எங்கள் அறிவிப்பின் அச்சுப் பிரதி.

"இதாரா?" என்றார் என்னைப் பார்த்து.

"கம்பெனியில இருந்து வந்த மேடம் சார்."

"எந்தினா சுவரு நோக்கி நிக்குந்நது?"

"பாஸ்வேர்டு அடிக்கேன் சார். அவங்க பாக்கக் கூடாது."

நிர்வாகி கையிலிருந்த தாளைப் பார்த்தார். இவர்தானே அந்தப் புத்தகத்தை எழுதியது என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஆமா சார். அவங்களேதான் எழுதிருக்காங்க, யாரும் பாக்கக் கூடாதுன்னு," என்றார் நாகர்கோவில்காரர். பிறகு ஒரு நொடி தயங்கினார். என்ன வரப் போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் ஐயா, இன்றைக்கு வேண்டாம், இவரிடம் வேண்டாம் என்று மனதுக்குள் கெஞ்சினேன். மகளின் பத்தாம் வகுப்பு முழுக்க அந்த ஒரு நொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாரும் கொஞ்சம் திரும்பணும்."

மேசையில் தாள் வைக்கப்படும் ஓசை கேட்டது. அப்புறம் ஷூ சத்தம், இரண்டு எட்டு. என் பக்கத்தில் நிர்வாகி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலண்டரைப் பார்த்து நின்றார்.

எங்களுக்குப் பின்னால் ஒற்றை விரல் மறுபடி தட்ட ஆரம்பித்தது, எந்த அவசரமும் இல்லாமல்.

கொஞ்ச நேரம் கழித்து நிர்வாகி என் பக்கம் தலையைச் சாய்த்தார். எனக்காகத் தமிழில், அடிக்குரலில் சொன்னார்.

"மேடம், இந்த ஆளை உங்க கம்பெனிக்குக் கொண்டு போயிடக் கூடாது, கேட்டோ. எனக்கு அடுத்த வருஷமும் வேணும்."